மைதானத்தில் நாட்டுப்பண்: நீலகிரியில் போட்டி நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை விட்ட மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு ஃபுட்பால் போட்டியோ, வாலிபால் போட்டியோ, ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) இடையிலான கிரிக்கெட்டோ நடந்துகொண்டிருக்கும். நோட்டீஸ் அடிக்கும்போதே வாக்குவாதம் தொடங்கிவிடும். தேசிய கீதத்தை எங்கே போடுவது, போட வேண்டுமா, யார் பாடுவது, பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விளையாட்டுப் போட்டியில் தேசிய கீதம் கட்டாயம் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. எந்தெந்த நிகழ்ச்சிகளில் கீதம் இசைக்கப்பட வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு பட்டியல் தருகிறது. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அரசு விழாவுக்கு வரும் நேரம், அணிவகுப்பு, விருது வழங்கும் விழா, பொது நிகழ்ச்சியில் கொடியேற்றம் போன்றவைதான் அதில் உள்ளன. ஊர்க் கோப்பைப் போட்டி அதில் இல்லை. தடையும் இல்லை. ஆனால் அதே உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: கண்ட இடங்களில் எல்லாம் கீதத்தைப் பாடாமலும் இசைக்காமலும் இருப்பதை மக்களின் நல்லறிவுக்கே விட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தின் பதில்கள் எல்லாமே அந்த வரியை ஒட்டித்தான்.

திரையரங்குகளில் கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது உண்மை. 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதை விருப்பத்துக்கு உரியதாக மாற்றிவிட்டது. அந்தப் பழைய உத்தரவைக் காட்டி இன்றும் "மைதானத்திலும் கட்டாயம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு.

அப்படியென்றால் பாடலாமா, வேண்டாமா? உங்கள் முடிவு என்ன?

பாடலாம். ஒரு போட்டிக்கு ஒரு முறை, முழுதாக, மனிதக் குரலில்.

"ஹட்டிக்கும் ஹட்டிக்கும் நடக்கிற ஆட்டத்தில் நாடு எங்கே வந்தது?" என்று கேட்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒலிம்பிக் சாசனமே, போட்டி விளையாட்டு வீரர்களுக்கு இடையில்தான், நாடுகளுக்கு இடையில் அல்ல என்கிறது. ஆனால் படுகரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும், கூடலூர் மலையாளிகளும், கோத்தரும், தோடரும், இருளரும், குறும்பரும் ஒரே மைதானத்தைச் சுற்றி நிற்கிற நாள் வருடத்தில் சில நாள்தான். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டு உண்டென்றால் அது இதுதான். அதைச் சேர்ந்து பாடுவதில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பாட்டுக்கு மதிப்பு தருவது அது அரிதாக ஒலிப்பதுதான். ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரின் நாட்டுக் கீதம் மட்டுமே பதக்க மேடையில் ஒலிக்கும். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்காக நம் கீதம் ஒலித்தது. அடுத்து அந்த மேடையில் கேட்க 2021 ஆகஸ்ட் 7 வரை, டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறியும் வரை, காத்திருந்தோம். நடுவில் 13 ஆண்டுகள். அந்தக் கனத்தை, காலை 8 மணிக்கு ஆள் வராத முதல் சுற்று ஆட்டத்தில் கரைத்துவிடக் கூடாது.

விளையாட்டில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் நியூசிலாந்து ரக்பி அணி தன் மாவோரி நடனமான ஹாக்காவை ஆடியது. பதிலுக்கு வேல்ஸ் வீரர்கள் தங்கள் நாட்டுப் பாட்டைப் பாட, கூட்டம் முழுதும் சேர்ந்துகொண்டது. ஆட்டத்துக்கு முன் நாட்டுப் பாட்டு என்ற வழக்கத்துக்கு இதைத்தான் முதல் நிகழ்வாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1918 செப்டம்பரில், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சிகாகோவில் பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் இடைவேளையில் 'ஸ்டார் ஸ்பாங்கில்ட் பேனர்' பாட்டை ராணுவ பேண்ட் வாசித்தது. அந்தப் பாட்டு அதிகாரபூர்வ தேசிய கீதமானதே 1931-ல்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே அது தினசரி வழக்கமாகிவிட்டது.

இரண்டு இடத்திலும் மேலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை; அந்த நேரத்து உணர்ச்சியில் பிறந்த பழக்கம் இது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் போட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 அணி நாக்-அவுட் என்றால் 15 ஆட்டம். அணிகளை வரிசையில் நிறுத்தி, அறிவிப்புச் சொல்லி, கீதம் முடிந்து, வீரர்கள் தங்கள் இடத்துக்குப் போக ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம். இந்த மலையில் மதியம் 3 மணிக்கு மேகம் இறங்கிவிட்டால் பந்து தெரியாது. இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும்.

அதைவிடப் பெரிய சேதம் வேறு. நான்காவது ஆட்டத்திலேயே பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தவர்கள் எழாதவர்களை முறைப்பார்கள். மரியாதைக்காகத் தொடங்கியது சண்டையில் போய் நிற்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்து முதலிலா, தேசிய கீதம் முதலிலா?

நம் ஊர் மேடை வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, நன்றியுரைக்குப் பிறகு நாட்டுப்பண். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதிய 'நீராரும் கடலுடுத்த' 2021 டிசம்பர் 17 அன்று அரசாணையால் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மோகன ராகம், 55 வினாடி. பாடும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. கல்வி நிறுவனங்களின் நிகழ்ச்சிகளும் அந்த ஆணைக்குள் வருவதால் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் தொடக்க விழாவில் இது இருக்க வேண்டும். இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

சர்வதேசப் போட்டிகளில் ஆட்டத்துக்கு முன்பே கீதம் வருவதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே மாற்ற வேண்டியதில்லை. முதல் நாள் தொடக்க விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து, கடைசி நாள் பரிசளிப்பு முடிவில் நாட்டுப்பண் என்பது நன்றாகவே பொருந்தும்.

இதில் ஒரே சிக்கல், கோப்பையைக் கொடுத்த மறு நொடி கூட்டம் கலைவது. கடைசி பஸ்ஸுக்கு ஓடுபவர்கள், கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதிப்பவர்கள், செல்ஃபி. நன்றியுரை நடக்கும்போது எதிரே பத்துப் பேர்தான் இருப்பார்கள். தீர்வு எளிது: நன்றியுரையைக் கோப்பைக்கு முன்னால் வையுங்கள். இரண்டாம் பரிசு, சிறந்த வீரர் பரிசு, நன்றியுரை, கடைசியாகக் கோப்பை. கோப்பை கைமாறியதும், இரு அணியும் வரிசையில் நிற்கும்போதே, ஒரு நிமிடத்துக்குள் நாட்டுப்பண். வென்ற அணித் தலைவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நிற்கட்டும். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குதிக்கலாம்.

இறுதி ஆட்டத்துக்கு முன்பே பாட விரும்புகிறோம். எந்த நேரம் சரி?

சிறப்பு விருந்தினர் பேச்செல்லாம் முடிந்த பிறகு மட்டும் வீரர்களை உள்ளே கூப்பிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக் காலைக் குளிரில் உடலைச் சூடேற்றிக்கொண்ட பையன்களை அரைக்கால் சட்டையோடு 15 நிமிடம் நிறுத்தி வைத்தால் தசை இறுகிவிடும். முதல் ஓட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். வரிசை, கைகுலுக்கல், கீதம், டாஸ் எல்லாம் 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

பாடுவதா, ரெக்கார்டு போடுவதா?

பாடுவது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் 8 முதல் 12 பேர் போதும். ஒரே ஒருவர் பாடினால் கூட்டம் வேடிக்கை பார்க்கும். பத்துப் பேர் பாடினால் கூட்டமும் சேரும்.

சுருதிதான் முக்கியம். பாட்டு தாழ்ந்த இடத்தில் தொடங்கி, கடைசியில் வரும் முதல் 'ஜய ஹே'யில் மேல் ஸட்ஜத்துக்கு (உச்ச 'ஸ'வுக்கு) ஏறுகிறது. ஆர்வத்தில் பிள்ளைகள் எடுப்பாகத் தொடங்கினால் அங்கே தொண்டை கிழியும், பெரியவர்கள் பாடாமல் நின்றுவிடுவார்கள். ஒத்திகையில் அந்த 'ஜய ஹே'யை முதலில் பாடவையுங்கள். எல்லோருக்கும் அது எட்டுகிற சுருதியைப் பிடித்து, அங்கிருந்து தொடக்க ஸ்வரத்துக்கு இறங்குங்கள். ஒரு சின்ன சுருதிப் பெட்டியோ, கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் நல்லது.

முழுப் பாட்டுக்கும் அதிகாரபூர்வ நேரம் சுமார் 52 வினாடி. கைப்பேசியில் நேரம் வைத்துப் பாருங்கள். 50-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் போதும். 60-ஐத் தாண்டினால் இழுக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பாடும் 20 வினாடிச் சுருக்கம் சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே. நேரம் இல்லை என்று மைதானத்தில் அதைப் பாடக் கூடாது. கிடாரோடு நீட்டிப் பாடுவது, நடுவில் ராகம் இழுப்பது, ரீமிக்ஸ் எதுவும் வேண்டாம்.

பள்ளி பேண்ட் வாசிப்பதாக இருந்தால் தொடங்குமுன் டிரம் உருட்டல் உண்டு. மெல்ல ஆரம்பித்து, உச்சத்துக்கு ஏறி, மீண்டும் தணிந்து, ஏழாவது தட்டு வரை கேட்க வேண்டும். பிறகு ஒரு தட்டு மௌனம். அதன் பின் கீதம். கூட்டம் எழுந்து நிற்க இதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது.

சொற்களில் எங்கே தவறுகிறார்கள்?

மூன்று இடங்களில். முதல் வரியில் 'ஜன கண மன அதிநாயக', பின்னால் வருவது 'ஜன கண மங்கள தாயக'. இரண்டும் இடம் மாறிவிட்டால் பாட்டு நேரே முடிவுக்குத் தாவிவிடும். இரண்டாவது, 'ஜய ஹே' தனியாக மூன்று முறை. அதன் பின்தான் 'ஜய ஜய ஜய ஜய ஹே'. பாதிக் கூட்டம் இரண்டோடு நிறுத்திவிடும். மூன்றாவது நம் எழுத்தால் வருவது. ரவீந்திரநாத் தாகூர் வங்க மொழியில் எழுதிய பாட்டைத் தமிழ் எழுத்தில் படிப்பதால், 'காஹே தவ ஜய காதா' என்ற வரியில் இரண்டு 'கா'வும் 'கங்கை'யின் இரண்டாவது ககரம் போல மெலிதாக வர வேண்டும் என்பது தெரியாமல் போகிறது. பிள்ளைகளுக்குத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட வாயால் சொல்லிக் கொடுங்கள்.

மைக் செட்டில் என்னென்ன கோளாறு வரும்?

அதிகம் சொதப்புவது இங்கேதான்.

மைதானத்தின் இரு கோடியிலும் ஸ்பீக்கர் வைப்பது முதல் தவறு. மலைக்குளிரில் ஒலி வினாடிக்குச் சுமார் 337 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் பாடுகிறவர் காதுக்கு 0.3 வினாடி தாமதமாகத் திரும்பி வரும். அதைக் கேட்டுப் பாடுகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், கூட்டம் இன்னும் பின்தங்கும், 52 வினாடி 70 ஆகிவிடும். இரண்டு ஸ்பீக்கரையும் மேடைப் பக்கமே, இடமும் வலமுமாக, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள்.

எதிரே சரிவு இருந்தால் எதிரொலி தனிப் பிரச்சினை. 170 மீட்டர் தள்ளி ஒரு தேயிலைச் சரிவோ, பாறையோ இருந்தால் சரியாக ஒரு வினாடி கழித்து உங்கள் குரல் உங்களிடமே வரும். ஸ்பீக்கர் முகத்தைச் சற்றுக் கீழே சாய்த்து, கூட்டத்தின் தலைக்கு மேலே சத்தம் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி குறையும். சத்தத்தையும் குறையுங்கள். கூட்டம் பாடும் குரல் கேட்க வேண்டும்; ஸ்பீக்கர் அதை அமுக்கக் கூடாது.

மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் ஊளையிடும். பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டாண்டில் இரண்டு மைக், வாயிலிருந்து ஒன்றரை அடி. கையில் கொடுத்தால் ஒரே பிள்ளையின் குரல்தான் கேட்கும். மேகம் இறங்கும் நேரத்தில் மைக் தலை ஈரமாகிக் குரல் மங்கும். பஞ்சு உறை மாட்டிவையுங்கள். காற்றின் 'புஸ் புஸ்' சத்தத்தையும் அது தடுக்கும். கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

ரெக்கார்டுதான் வழி என்றால், யூடியூப்பிலிருந்து நேரடியாகப் போடவே கூடாது. பாட்டுக்கு முன் சோப்பு விளம்பரம் வரும், அல்லது சிக்னல் போய் 'விந்த்ய ஹிமாசல'வில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். கோப்பாக இறக்கி, கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டு, ப்ளூடூத் இல்லாமல் ஒயரில் இணையுங்கள். ப்ளூடூத்தில் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் கைப்பேசி தானாகச் சேர்ந்துகொள்ளும். பென் டிரைவ் என்றால் அதில் அந்த ஒரே கோப்பு மட்டும். வேறு பாட்டு இருந்தால் 'ஜய ஹே' முடிந்த மறு நொடி குத்துப்பாட்டு தொடங்கும். மைக் செட்காரர் ஓடி வருவதற்குள் நாலு வரி ஓடிவிடும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது.

பாதியில் நின்றுவிட்டால்? கரண்ட் போய்விட்டால்?

திரும்ப முதலிலிருந்து போடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து பாடித் தொடருங்கள். இதற்கென்றே குரல் வளம் உள்ள ஒருவரை முன்கூட்டியே சொல்லி மைக் அருகில் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் அமைதியான அடுத்த கணம் அவர் ஒருவர் எடுத்தால் போதும், இரண்டு சொல்லுக்குள் கூட்டம் பிடித்துக்கொள்ளும். மழை பிடித்தாலும் அப்படியே. எஞ்சியிருப்பது சில வினாடிகள்தான்.

எழுந்து நிற்காதவரை, பாடாதவரை என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள்.

கீதம் ஒலிக்கும்போது அசையாமல் எழுந்து நிற்பது உள்துறை அமைச்சக உத்தரவில் உள்ள முறை. தேசிய கீதத்தை மதிப்பது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்லும் அடிப்படைக் கடமையும்கூட. ஆனால் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்று சொல்வது, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதையும்தான். அதற்கு மூன்றாண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். 1986-ல் உச்ச நீதிமன்றம் கேரளப் பள்ளி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மத நம்பிக்கையால் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று.

உட்கார்ந்திருப்பவர் முட்டி வலிக்காரராக இருக்கலாம், கர்ப்பிணியாக இருக்கலாம், காது கேளாதவராக இருக்கலாம். அவரைத் தோளைப் பிடித்துத் தூக்குகிற தொண்டர்தான் பாட்டைக் கெடுக்கிறார். ஒழுங்கு பார்க்க நிற்கும் பையன்களிடம் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பஜ்ஜிக் கடைக்காரர் கொதிக்கும் எண்ணெயை விட்டு விலகி அட்டென்ஷனில் நிற்க வேண்டாம். முதலுதவிக்காரர் அடிபட்டவரின் காலை விட்டுவிட்டு எழ வேண்டாம். மேலே ரோட்டில் போகும் பஸ்ஸை நிறுத்த வேண்டாம். பெரியவர்களின் தலைப்பாகையையும், குளிருக்குப் போட்ட குல்லாவையும் கழற்றச் சொல்லி உத்தரவில் எதுவும் இல்லை.

வீரர்களே எதிர்ப்பைக் காட்டினால்?

1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் அமெரிக்கக் கறுப்பின ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் இனவெறியை எதிர்த்துக் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தினார்கள். 2016-ல் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் காலின் கேப்பர்னிக் கீதத்தின்போது அதே காரணத்துக்காக மண்டியிட்டார். 2022 உலகக் கோப்பையில் ஈரான் வீரர்கள் முதல் ஆட்டத்தில் தங்கள் கீதத்துக்கு வாய் திறக்கவில்லை. நாட்டின் பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்தால் நாட்டின் வலியும் கூடவே வரும். அமைதியாக இருப்பவரை அமைதியாக விடுங்கள். ஆட்டம் தொடங்கட்டும்.

வெளிநாட்டு மாணவர் அணி வருகிறது. அவர்கள் கீதமும் வேண்டுமா?

நாட்டின் பெயரில் வரும் அணி என்றால் வேண்டும்; விருந்தினருக்கு முதலிடம் என்பது பொது வழக்கம். இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியின் பெயரில் ஆடுவதால் தேவையில்லை.

போடுவதாக இருந்தால் கீதத்தின் ஒலிப்பதிவை அந்த அணியின் மேலாளரிடமே வாங்குங்கள், முந்தின நாள் அவர் காதாலேயே முழுதும் கேட்டு 'சரி' என்று சொல்ல வேண்டும். 2012-ல் குவைத்தில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற கஜகஸ்தான் வீராங்கனைக்கு, இணையத்தில் எடுத்த கோப்பில் ஒரு நகைச்சுவைப் படத்தின் கேலிப் பாட்டு ஒலித்தது. 2025 பிப்ரவரி 22 அன்று லாகூரில் ஆஸ்திரேலியா-இங்கிலாந்து கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன் ஆஸ்திரேலியக் கீதம் வர வேண்டிய இடத்தில் நம் கீதம் சில நொடி வந்து நின்றது. கொடியிலும் இதே கவனம் வேண்டும். 2012-ல் கிளாஸ்கோவில் நடந்த ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தில் வட கொரியப் பெண்கள் அணியின் படங்களோடு தென் கொரியக் கொடியைத் திரையில் காட்டியதால் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள், ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானது.

அறிவிப்பில் என்ன சொல்ல வேண்டும்?

"தேசிய கீதம். அனைவரும் எழுந்து நிற்கவும்." இவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பத்து வினாடி காத்திருங்கள். மேட்டிலும் தோட்ட ஓரத்திலும் உட்கார்ந்திருப்பவர்கள் எழ அந்த நேரம் வேண்டும். "இந்தத் தேசிய கீதத்தை வழங்குவோர்" என்று கடைப் பெயரைச் சேர்ப்பதை எந்த நன்கொடைக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படுகுப் பாட்டு, ஆட்டம் எல்லாம் எங்கே வைப்பது?

நாட்டுப்பண் முடிந்து கூட்டம் கலைந்து நிற்கும்போது தாராளமாக. கீதத்தோடு ஒட்டி, அதே மூச்சில் வேண்டாம்.

கூட்டத்துக்குக் கொடுத்த காகிதக் கொடிகளை என்ன செய்வது?

விளையாட்டு நிகழ்ச்சிகளில் மக்கள் காகிதக் கொடி அசைக்கலாம் என்று கொடி விதித்தொகுப்பே சொல்கிறது. முடிந்ததும் தரையில் போடக் கூடாது என்றும் சொல்கிறது. பிளாஸ்டிக் கொடி வேண்டவே வேண்டாம். வெளியேறும் வழியில் இரண்டு அட்டைப் பெட்டியோடு இரண்டு பேரை நிறுத்துங்கள். மைதானத்தில் விழுந்தவற்றை அன்று மாலையே பொறுக்குங்கள். இரவுப் பனியில் நனைந்தால் மறுநாள் புல்லோடு ஒட்டிக்கொண்டு கையோடு கிழியும். சேர்ந்தவற்றைக் குப்பை வண்டியில் போடாமல், ஆட்கள் பார்க்காத ஓரிடத்தில், மடித்து மரியாதையோடு அகற்றுங்கள்.